வெயில் ஊரில் குளிர் இறங்கினால்: வீட்டை விடுங்கள், ஆளைச் சூடாக்குங்கள்

அன்று காலை ஐந்தே முக்காலுக்கு அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். இரவு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தவர் இப்போது அசையாமல் படுத்திருந்தார். குளிர் விட்டுவிட்டது போல, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அரைமணி நேரம் கழித்து எழுப்பினால் நாக்கு குழறுகிறது. என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சட்டைப் பொத்தானைப் பிடிக்க விரல் வரவில்லை. வயிற்றில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டரை வைத்தால் பாதரசம் அடிக்கோட்டைவிட்டு ஏறவே இல்லை. அந்த அடிக்கோடு 35 டிகிரி. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்தக் கருவிக்குச் சொல்லத் தெரியாது.

அப்போது அவருக்கு 79 வயது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து நல்லபடியாகத் திரும்பினார். நாங்கள் இருப்பது வருடத்தில் பத்து மாதம் மின்விசிறி ஓடும் ஊர். அன்று வெளியே 6 டிகிரி. பனி விழவில்லை, எதுவும் உறையவில்லை. ஆறு டிகிரி ஓர் ஆளை இந்த நிலைக்குக் கொண்டுவரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு இரண்டு குளிர் அலைகளைக் கடந்துவிட்டோம். அவற்றில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் யாரும் என்னைப் போலக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடக்கூடாது.

முதலில், குளிர் ஏன் இங்கே இப்படி அடிக்கிறது? நம் வீடுகள் சூட்டை வெளியே தள்ளுவதற்காகக் கட்டப்பட்டவை. உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள், அவற்றின் மேல் மூடவே முடியாத காற்றுத் துளைகள், வெறும் கல் தரை. கோடையில் நம்மைக் காப்பாற்றும் இவை அத்தனையும் குளிர் வந்தால் நமக்கு எதிராகத் திரும்பும். பீரோவில் கம்பளி இல்லை, உடம்புக்கும் பழக்கம் இல்லை. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் 13 நாடுகளின் 7 கோடிக்கும் மேற்பட்ட மரணங்களை அலசிய ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் குளிரோடு தொடர்புள்ளவை 7.29 சதவீதம், வெப்பத்தோடு தொடர்புள்ளவை 0.42 சதவீதம். குளிர் மரணங்களிலும் பெரும்பகுதி கடுங்குளிரில் நேரவில்லை, மிதமான குளிரில் நேர்ந்தவை. "இதெல்லாம் ஒரு குளிரா" என்று நாம் ஒதுக்கித் தள்ளும் அளவுதான் அது.

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம். வீடு முழுவதையும் சூடாக்க நினைக்காதீர்கள். அது முடியாது, மின்கட்டணம்தான் ஏறும். ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். சிறியதாக, கூரை தாழ்வாக, பகலில் வெயில் விழுவதாக இருந்தால் நல்லது. எல்லோரும் அந்த அறையிலேயே படுங்கள். நான்கு பேர் மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருக்கும் அறை தனியாள் படுத்திருக்கும் அறையைவிட நிச்சயமாகக் கதகதப்பாக இருக்கும். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, வயதானவர் படுக்கும் உயரத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் வீட்டில் அது எட்டவில்லை, 16-ஐத் தாண்ட முடியவில்லை. ஆனாலும் எண் கண்முன்னால் இருந்தால் எப்போது இன்னொரு போர்வை வேண்டும் என்பது தெரிகிறது. வயதானவர்களைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வயதாக ஆகக் குளிரை உணரும் திறனே குறைந்துவிடுகிறது. அப்பா கடைசிவரை "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னார்.

ஜன்னல் விஷயத்தில் நேரம் முக்கியம். வெயில் நேராக விழும்போது திரையை முழுக்க விலக்குங்கள், கண்ணாடி வழியாக வெயில் தரையில் படட்டும். சூரியன் மறைவதற்கு முன்பே, மறைந்த பிறகு அல்ல, திரையை இழுத்து மூடிவிடுங்கள். திரை மெல்லியதாக இருந்தால் அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிடலாம். கதவின் அடியில் உள்ள இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள். காற்றுத் துளைகளை அட்டையால் மறைக்கலாம். ஆனால் அந்த அறைக்குள் எந்த நெருப்பும் எரியக்கூடாது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

படுக்கையில் எல்லோரும் மேலே போர்த்துவதைத்தான் பார்க்கிறோம். சூடு கீழேயும் இறங்குகிறது. கல் தரையில் ஒற்றைப் பாயில் படுத்தால் மூன்று கம்பளி போர்த்தினாலும் முதுகு சில்லிடும். எங்களுக்குப் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது ஒரு சின்ன வேலை: மெத்தைக்கு அடியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காக விரித்தோம். கட்டிலில் படுப்பவர்களுக்கும் விரிப்பின் கீழே ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள்.

உடுப்பிலும் இதே கணக்குதான். தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று நல்லது. அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. கம்பளி இல்லையென்றால் இரண்டு சட்டைகளுக்கு நடுவே நெஞ்சிலும் முதுகிலும் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளலாம், நிஜமாகவே வேலை செய்கிறது. சாக்ஸ் இறுக்கமாக இருக்கக்கூடாது, இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஈரம்தான் பெரிய எதிரி. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். மழையோடு வரும் 10 டிகிரி, வறண்ட 5 டிகிரியைவிட மோசமாக இருக்கலாம். பருத்தி நனைந்தால் சூட்டைக் காக்காது, கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். நனைந்து வந்தவரை முதலில் உடை மாற்றச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வெந்நீர்ப் பை மலிவான, நல்ல துணை. கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள், கொதித்த பிறகு சற்று ஆறவிட்டு ஊற்றித் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு எடுத்துவிடுங்கள். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

மின் ஹீட்டர் வாங்கினால் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைத் தாங்காது, ஒயர் உருகித் தீப்பிடிக்கும். ஏசிக்கும் கீசருக்கும் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். சுற்றிலும் ஒரு மீட்டருக்குள் திரை, போர்வை, துணி எதுவும் வேண்டாம். ஈரத்துணியை அதன் மேல் காயப்போடாதீர்கள். தூங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

இப்போது நெருப்பு. இந்தப் பத்தியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். மூடிய அறைக்குள் கரிச்சட்டி, விறகுத் தணல், கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் சூட்டுக்காக வைக்காதீர்கள். தணல் புகையே இல்லாமல் சிவந்து கிடக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அப்புறம் தூக்கம். தூக்கத்திலிருந்து எழ முடியாது. ஓர் அறையில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால் யோசிக்காமல் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு உதவிக்கு அழையுங்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் வந்த பனிப்புயலில் மாநில சுகாதாரத் துறை கணக்கிட்ட மரணங்கள் 246. பெரும்பான்மையினர் குளிரால் இறந்தார்கள். 19 பேர் இறந்தது இந்த வாயுவால். மூடிய குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். எப்போதும் வெந்நீரை வாளியில் பிடித்துவிட்டு, கீசரை அணைத்த பிறகு குளியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் குளிரின்போது அண்ணியின் ஐந்து மாதக் குழந்தையும் இருந்தது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை போர்த்தக்கூடாது, முகத்தில் விழுந்து மூச்சை அடைக்கும். நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக உடுத்திவிட்டால் போதும். தூங்கும்போது குல்லாவும் வேண்டாம். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். நெஞ்சிலும் பிடரியிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது, வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் அதிகாலை நடையை இந்த நாட்களில் வெயில் ஏறும்வரை தள்ளிப்போடுங்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடுகிறது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கவேண்டும். மது குளிருக்கு நல்லது என்பது ஆபத்தான நம்பிக்கை. தோலின் ரத்தக்குழாய்களை அது விரிப்பதால் வெளியே சூடாக இருப்பதுபோலத் தோன்றும். உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

இரவில் ஒரு முறையாவது எழுந்து பாருங்கள். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில் தரை தன் சூட்டை இழந்துகொண்டே போகும். மிகக் குளிரான நேரம் நள்ளிரவு அல்ல, சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டியது. நான் நாலரைக்கு அலாரம் வைக்கிறேன். அப்பாவை எழுப்பி, இரண்டு வாக்கியம் பேசவைத்து, வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். குழறல், தடுமாற்றம், காரணமில்லாத தூக்கம், நடுக்கம் நின்றும் உடல் சில்லென்று இருப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வரும்வரை ஈர உடையைக் கழற்றி, படுக்கவைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்தி, நெஞ்சையும் வயிற்றையும் சூடாக்குங்கள். கூடப் படுத்துக் கட்டிக்கொள்வதே போதும். கை கால்களைத் தேய்க்காதீர்கள், வெந்நீரில் இறக்காதீர்கள். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பாக இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம்.

தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் இந்த அலாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு போன் செய்து பேசவைத்தால் போதும், குரலிலேயே தெரிந்துவிடும்.

செடிகளைப் பற்றிச் சுருக்கமாக. மாலைக்கு முன்பே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள், ஈர மண் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வையுங்கள். இரவில் பழைய துணியால் தரைவரை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். கருகிய இலைகளை உடனே வெட்டாதீர்கள், உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்கு அவைதான் போர்வை. அப்பா நட்ட வாழை முழுக்கக் கறுத்துத் தொங்கியது. மூன்று வாரம் கழித்து நடுக்குருத்து பச்சையாக மேலே வந்த பிறகுதான் மட்டைகளை அறுத்தோம்.