பனியன் கம்பெனி போடுறதுக்கு முன்னாடி ஆள் பழக்கம் புடிங்க

திருப்பூர்ல கம்பெனி ஆரம்பிக்கிற பசங்க மொதல்ல பண்ற வேல விசிட்டிங் கார்டு அடிக்கிறதுதான், நானும் ஐநூறு அடிச்சேன், பாதிக்கு மேல இன்னும் ரப்பர் பேண்டு போட்டு டிராயர்லயே கெடக்கு. இந்த ஊர்ல ஒரு டீசர்ட் நிட்டிங் (நூல துணியா பின்றது), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பின்னாடி சுருங்காம அழுத்தி விடறது), கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயனிங்னு ஏழெட்டு கை மாறித்தான் பேக்கிங்குக்கு வரும். அத்தனையும் ஒரே எடத்துல வச்சிருக்கறவங்க பெரிய ஆளுங்க, நமக்கு எல்லாமே ஜாப் ஒர்க்குதான், அதாவது வெளிய கூலிக்கு குடுத்து செய்யறது. அதனால பையர (சரக்கு வாங்கற பார்ட்டிய) தேடி ஓடறதுக்கு முன்னாடி இந்த ஏழெட்டு எடத்துலயும் நம்ம பேர சொன்னா 'ஆமா, நம்ம பையன்தான்'னு சொல்ல ஒரு ஆள் வேணும்.

ஒரு நோட்டுல ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பேர எழுதுங்க, ஒண்ணு மெயின், ஒண்ணு அவசரத்துக்கு. நல்ல டையிங் யாருன்னு நிட்டிங்காரர்கிட்ட கேளுங்க, காம்பாக்டிங்ல கேளுங்க, கட்டிங்லயும் கேளுங்க, மூணு எடத்துலயும் ஒரே பேரு வந்தா நம்பி போலாம். போன்ல பேசிட்டு விட்றாதீங்க, நேர்ல போங்க, பதினோரு மணி டீ டைம் நல்ல நேரம். சனிக்கிழம சாயங்காலம் மட்டும் வேண்டவே வேண்டாங்க, சம்பளம் போடற நாளு, ஓனரே காசுக்கு அலைஞ்சிட்டு இருப்பாரு.

ஓனர்கிட்ட மட்டும் பழகினா பத்தாது. என் மொத ஆர்டர் 600 பீஸ், நேவி ப்ளூ ரவுண்ட் நெக். பாடி துணி ஒரு லாட்லயும் (ஒரே தடவையா சாயம் போடறது ஒரு லாட்) கழுத்துப் பட்டிக்கு வர்ற ரிப் துணி வேற லாட்லயும் சாயம் ஏறி வந்துருக்கு, ட்யூப் லைட்ல பாத்தா எனக்கு ஒண்ணுமே தெரியல. கட்டிங் மாஸ்டர் அண்ணன்தான் ரெண்டு துண்டையும் கையில எடுத்துட்டு 'தம்பி, வெயிலுக்கு வா'ன்னு வாசலுக்கு கூட்டிட்டு போய் காட்டினாரு, ரிப் லேசா செவப்படிக்குது. நான் கூப்பிட்டப்ப 'அடுத்த வாரம் பாக்கலாம்'னு சொன்ன அதே டையிங்ல அவர் ஒரு போன் போட்டதும் மறுநாளே ரிப்ப மாத்தி குடுத்தாங்க. அவருக்கும் எனக்கும் என்ன பழக்கம்னா, அதுக்கு முந்துன மாசம் அவர் பொண்ணு கல்யாணத்துக்கு போயி மொய் வச்சிட்டு பந்தில உக்காந்து சாப்ட்டு வந்தேன், அவ்ளோதான். (ரிப்பையும் பாடியையும் ஒரே லாட்ல போட சொல்லுங்க, அது தனி பாடம்.)

ஆனா என்ன பழகினாலும் பில்லுல சொதப்பினா போச்சு. சொன்ன தேதிக்கு பணம் போடுங்க, முடியலன்னா அன்னிக்கு போன ஆஃப் பண்ணி வைக்காம முந்துன நாளே நீங்களா கூப்பிட்டு சொல்லுங்க. ஒரு பவர் டேபிள்ல பாக்கி வச்சா டெம்போ டிரைவர் மூலமாவே பாதி ஊருக்கு தெரிஞ்சிரும். நமக்கு வர வேண்டிய காசுக்கு உத்யம் பதிவு (சின்ன தொழிலுக்கு அரசாங்கத்துல பண்ற பதிவு) எடுத்து வச்சிக்கோங்க, ஆன்லைன்ல ஃப்ரீதான். 2006 எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தர தொழில்) சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாளுக்குள்ள சின்ன யூனிட்டுக்கு பணம் தரணும். அத காட்டி மொத பில்லுக்கே சண்டைக்கு போனா அடுத்த ஆர்டர் வராது, அதையும் சொல்லிடறேன்.

சங்கம்னா 1956ல ஆரம்பிச்ச பனியன் உற்பத்தியாளர் சங்கம் சைமா இருக்கு, எக்ஸ்போர்ட்டுக்கு 1990ல வந்த ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கு, மொத வருஷமே மெம்பர் ஆகணும்னு அவசியமில்ல. பிஎன்ஐ மாதிரி, தொழில் பண்றவங்க ஒருத்தருக்கொருத்தர் ஆர்டர் புடிச்சு விடறதுக்கு வாராவாரம் காலைல கூடற குரூப்புன்னா வருஷ சந்தா கட்டறதுக்கு முன்னாடி விசிட்டரா ஒருக்கா போயி உக்காந்து பாருங்க, அங்க ஒரு சேப்டர்ல (கிளைல) ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான், நம்ம தொழில்ல ஏற்கனவே ஆள் இருந்தா சீட்டு கெடையாது. எக்ஸ்பிஷன் நடந்தா கடைசி நாள் மத்தியானம் போங்க, ஸ்டால்ல இருக்கறவங்க கூட்டம் வடிஞ்சு சும்மா உக்காந்திருப்பாங்க, அப்பதான் நம்மகிட்ட நின்னு பேசுவாங்க. பேசின கையோட நம்பர 'பூண்டி நிட்டிங் 24 டயா'ன்னு ஊரு, வேல, மிஷின் டயா (விட்டம்) எல்லாம் சேத்து சேவ் பண்ணுங்க, வெறும் செந்தில்னு போட்டா ஆறு மாசம் கழிச்சு எந்த செந்தில்னே தெரியாது, எங்கிட்ட இப்ப ஒம்போது செந்தில் இருக்காங்க.