போர் மோட்டார் உறுமி நிற்கிறதா? மேலே எடுக்கும் முன் பெட்டியைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துத் தோப்புகளில், போர்வெல்லுக்குள் இறக்கியிருக்கும் போர் மோட்டாரை மேலே எடுப்பது லேசான வேலை இல்லை. ஆள் கூட்டி, செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) கட்டி, அரை நாள் மெனக்கெட்டு எடுத்துப் பார்த்தால் மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. பழுது சுவரில் தொங்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்திருக்கும். வயிற்றெரிச்சல்தான். மேலே நின்றபடியே முக்கால்வாசி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மல்டிமீட்டர், வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் பார்க்கும் ஒரு கிளாம்ப் மீட்டர் போதும்; மல்டிமீட்டரில் கண்டென்சர் (மோட்டாரைக் கிளப்பவும் ஓட்டவும் உதவும் மின்தேக்கி) அளக்கும் வசதி இருக்க வேண்டும். இங்கே சொல்வது சிங்கிள் ஃபேஸ், மூன்று வயர், 1 எச்.பி. மோட்டாருக்கு.

முதலில் வோல்டேஜ். மோட்டார் நிற்கும்போது பார்த்தால் போதாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிற அந்த நொடியில் பெட்டியிலிருக்கும் வோல்ட்மீட்டரின் முள் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 2.5 சதுர மி.மீ. கேபிள் 100 மீட்டர் இறங்கியிருந்தால், போக வர அதன் மின்தடை ஏறக்குறைய 1.6 ஓம். ஓடும்போது 8 ஆம்பியர் என்றால் இழப்பு 13 வோல்ட், பரவாயில்லை. ஆனால் கிளம்பும்போது 30 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது கேபிளிலேயே 48 வோல்ட் போய்விடும். பெட்டியில் 195 காட்டினால் மோட்டாருக்குக் கிடைப்பது 150க்கும் கீழே. கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதிக்கும் குறைந்துவிடும். சித்திரை மாதத்துச் சாயங்காலம் எல்லாத் தோப்பிலும் மோட்டார் ஓடும்போது உறுமி ட்ரிப் ஆகிற மோட்டார், விடியற்காலையில் சாதுவாகக் கிளம்பினால் காரணம் இதுதான். கண்டென்சரை மாற்றிப் பயனில்லை. 4 சதுர மி.மீ. கேபிள் போட்டால் 48 வோல்ட் இழப்பு 30 ஆகக் குறையும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் கண்டென்சர். மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். கண்டென்சரின் இரு முனைகளுக்கும் குறுக்கே பழைய குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரு வயர்களைச் சில நொடி வைத்து மின்னூட்டத்தை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். முனையும் கருகும், கையும் கருகும். பிறகு ஒரு வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். மோட்டார் ஓடும்போதெல்லாம் வேலை செய்யும் ரன் கண்டென்சரில் 36 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்து 32க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட் கண்டென்சரில் 120–150 என்று இருந்தால் 120க்குக் குறையக் கூடாது. கடைக்குப் பழையதையே கொண்டு போங்கள். அளவும் வோல்டேஜும் அதிலேயே இருக்கும்.

ஸ்டார்ட் கண்டென்சர் அடிக்கடி வெடிக்கிறது என்றால் குற்றம் அதன் மேல் இல்லை. ஓரிரு நொடி மட்டும் வேலை செய்யச் செய்யப்பட்டது அது. பட்டனின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு விலகாமல் போனாலோ, தண்ணீர் வரும்வரை பட்டனைப் பிடித்துக்கொண்டே நின்றாலோ சூடேறி வெடிக்கும்.

அடுத்தது மூன்று வயர்களின் மின்தடை. இதில்தான் இந்த வேலையின் அழகே இருக்கிறது. மூன்றையும் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டிரண்டாக அளந்து எழுதுங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, வருகிற 0.2, 0.3 ஓமை ஒவ்வொன்றிலும் கழித்துவிட வேண்டும். 4.1, 7.1, 9.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குள் ஓட்டும் சுருள் (ரன்), கிளப்பும் சுருள் (ஸ்டார்ட்) என்று இரண்டு உண்டு; அதிகம் காட்டுகிற ஜோடி ரன், ஸ்டார்ட் வயர்கள். மிச்சமிருக்கும் வயர் காமன், இரண்டு சுருளுக்கும் பொதுவானது. காமனோடு குறைவாகக் காட்டுவது ரன். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இந்தக் கணக்கு மாறாது. இனி 4.1, 7.1 இரண்டையும் கூட்டினால் 11.2; அதில் 9.6 போக மீதி 1.6. காமன் வயர் ஒன்றின் மின்தடையைப் போல் சரியாக இரண்டு மடங்கு அது. 100 மீட்டர் கேபிளுக்கு வர வேண்டியதும் அதுவே. இந்த மீதி 3, 4 ஓம் என்று ஏறினால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் காமன் வயரின் ஜாயின்ட் கெட்டுவருகிறது என்று அர்த்தம். ஏதாவது ஒரு வயர் மற்ற இரண்டோடும் எதுவுமே காட்டவில்லை என்றால் அந்த வயரோ அதனோடு சேர்ந்த சுருளோ அறுந்திருக்கிறது.

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடிக்குப் பிறகு மோட்டார் நின்றிருந்தால் இன்சுலேஷனையும் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இதற்கு உதவாது, எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷன் அளக்கும் 500 வோல்ட் மெக்கர் இருக்கும். கழற்றிய வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 2 மெகாஓமுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 0.5க்குக் கீழே என்றால் கேபிளோ ஜாயின்ட்டோ மோட்டாரோ ஈரம் வாங்கியிருக்கிறது. 0.02க்கும் கீழே போனால் மேலே எடுத்தே ஆக வேண்டும்.

மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் கிளாம்ப் மீட்டரை ஒரு வயரில் மட்டும் மாட்டுங்கள். ஆம்பியர் வழக்கத்தை விடக் குறைவு என்றால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம், உடனே அணைத்துவிடுங்கள். கூடுதலாக இழுத்துப் பத்து நிமிடத்தில் ட்ரிப் ஆனால் ரன் கண்டென்சரையும் வோல்டேஜையும் மறுபடி பாருங்கள். எல்லா அளவும் சரி, 220 வோல்ட்டும் இருக்கிறது, அப்படியும் உறுமுகிறது என்றால் பம்பில் மணல் இறுகியிருக்கும். அப்போது செயின் பிளாக்கைக் கட்டலாம்.

புது மோட்டார் இறக்குகிற அன்றே வோல்டேஜ், ஆம்பியர், மூன்று மின்தடை, மெக்கர் அளவு, கேபிள் நீளம் எல்லாவற்றையும் அழியாத மார்க்கரால் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.