தாழியில் இயற்கை ஒயின்: அலென்தேஜுவின் குடும்பத் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகலின் தெற்கே உள்ள அலென்தேஜுவில், விடிகைரா, விலா டெ ஃப்ராடெஸ் போன்ற ஊர்களைச் சேர்ந்த திராட்சைத் தோட்டக் குடும்பங்கள், சுட்ட களிமண்ணாலான பெருந்தாழிகளில் ஒயினைப் புளிக்க வைக்கும் முறையை ரோமானியர் காலத்து மரபாகப் போற்றி வருகின்றன. அத்தாழியை அவர்கள் ‘தால்யா’ என்கிறார்கள். நம் ‘தாழி’யோடு ஒலி நெருங்கினாலும் அது லத்தீன் வழி வந்த சொல், உறவு ஏதுமில்லை. கடையில் வாங்கிய ஈஸ்ட்டும் அமிலமும் சேர்க்காமல், பழத்தோலிலும் ஒயின் கூடத்திலும் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட்டைக் கொண்டே சாற்றைப் புளிக்க விடுவது இயற்கை ஒயினின் அடிப்படை. புதிதாக இதில் இறங்குவோர் ‘எதையும் சேர்க்காமல்’ என்பதை ‘எதையும் செய்யாமல்’ என்று புரிந்துகொள்வதுண்டு. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பிழையின் கிளைகளே.

கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இந்த மண்ணில், இனிப்பு இன்னும் ஏறட்டும் என்று அறுவடையைத் தள்ளிப்போடுவது முதல் தவறு. அந்தாவ் வாஸ் போன்ற வெள்ளைத் திராட்சையில் பழம் முற்ற முற்ற அமிலம் குறைந்து, சாற்றின் பி.எச். மதிப்பு உயர்கிறது, அது 3.8-ஐ நெருங்கும்போது கெடுதல் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம்தான். பின்னால் அமிலம் சேர்க்கப் போவதில்லை என்று உறுதி பூண்டவருக்கு அறுவடை நாள்தான் கையிலுள்ள ஒரே கருவி என்பதால், பழத்தைச் சுவைத்துப் பார்ப்பதோடு நில்லாமல் அளந்தும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் பறித்து, அடியில் கிடப்பவை நசுங்காதபடி சிறு பெட்டிகளில் சேர்ப்பதும் அதே அளவு முக்கியம்.

தாழியின் உட்புறம் பூசப்படும் பைன் பிசினை அலட்சியப்படுத்துவது அடுத்த தவறு. பூச்சு தேய்ந்திருந்தால் களிமண்ணின் நுண்துளைகள் வழியே ஒயின் கசிவதோடு காற்றும் உள்ளே புகும். மிகையாகப் பூசினாலோ ஒயின் முழுவதும் பிசின் வாடையே மேலோங்கும். தாழியைச் சூடாக்கி, உருகிய பிசினை உள்ளே சுழற்றிப் பூசுவது பழகிய கைகளுக்கே உரிய வேலை. கழுவுவதற்குக் குளோரின் கலந்த நீரைப் பயன்படுத்துவதோ பெருந்தவறு. குளோரினும் பூஞ்சையும் மரப்பொருளும் சேருமிடத்தில், ஈரஅட்டை போல நாறவைக்கும் சேர்மம் உருவாகி, கூடம் முழுவதும் பரவிவிடும்.

புளிப்பு தொடங்கியதும் தோல்கள் மேலே எழும்பிக் கனத்த மூடிபோல இறுகும். அதை மரக்கோலால் நாளுக்கு இரண்டு முறையாவது அமிழ்த்தாவிட்டால், காற்றுபடும் மேற்பரப்பில் வினிகர் பாக்டீரியா பெருகும். அடியில் சிக்கிய வாயுவின் அழுத்தத்தில் தாழியே வெடித்த கதைகளும் அவ்வூர்களில் உண்டு. சூடு 35 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் தளர்ந்து புளிப்பு பாதியில் நின்றுவிடக்கூடும் என்பதால், தாழியின் மேல் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கிறார்கள். ஒரு லிட்டர் சாறு நாற்பது லிட்டருக்கும் மேலான கரியமில வாயுவை வெளியிடும். எனவே காற்றோட்டமற்ற கூடத்துக்குள் தனியாக நுழைவது ஒயினை அல்ல, உயிரையே பணயம் வைக்கும் தவறு.

அதிகம் வாதிக்கப்படுவது, ஒயின் கெடாதிருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மமான சல்ஃபைட். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மை விதிகள் இனிப்பற்ற சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளைக்கு 150 மில்லிகிராம் வரை சல்ஃபைட்டை அனுமதிக்கின்றன. ‘ஒரு துளியும் கூடாது’ என்போர், ஈஸ்ட்டே சிறிதளவு சல்ஃபைட்டை உண்டாக்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். பி.எச். உயர்ந்து, கூடமும் சூடாக இருக்கும் ஆண்டில் புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 20 அல்லது 30 மில்லிகிராம் சேர்ப்பது கொள்கைத் துரோகம் ஆகாது என்பதே என் எண்ணம். காரணம், கந்தகம் சேர்க்காத ஒயினில் தலைகாட்டக்கூடிய ‘எலி வாடை’ எனப்படும் குறை. மூக்குக்கு அது எட்டாது. விழுங்கியபின், உமிழ்நீர் அமிலத்தைத் தணித்த பிறகுதான் நாவின் பின்புறம் தங்கி நிற்கும். ஒரு கரண்டி ஒயினில் சிட்டிகை சமையல் சோடாவைக் கலந்து முகர்ந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். அப்படித் தெரிந்த ஒயினை உடனே புட்டியில் அடைக்காமல், மாதக்கணக்கில் பொறுத்துப் பார்ப்பதே சரி.

புளிப்பு அடங்கித் தோல்கள் அடியில் படிந்தபின், மேலே ஆலிவ் எண்ணெயை மெல்லிய படலமாக ஊற்றிக் காற்றைத் தடுப்பது பழைய வழக்கம். தால்யா ஒயினுக்கென 2010-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, நவம்பர் 11 ஆகிய புனித மார்ட்டின் நாள் வரை தோல்களைப் பிரிக்கக் கூடாது. அன்று திறந்த தாழியைக் கோடை வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் குடிப்பது கடைசித் தவறு. மட்டம் இறங்க இறங்க உள்ளே காற்று நிரம்பும்; ஆகவே குளிர்காலம் முடிவதற்குள் குடித்துத் தீர்க்க வேண்டும், அல்லது எஞ்சியதை விளிம்புவரை நிறையும் சிறு கலன்களுக்கு மாற்ற வேண்டும். புட்டிக்குப் போவதாயின் சர்க்கரை முற்றிலும் தீர்ந்ததா என்பதை அடர்த்திமானியால் உறுதி செய்த பிறகே தக்கையை அழுத்த வேண்டும்.