4294967297: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

நானூற்று இருபத்தொன்பது கோடியைத் தாண்டும் இந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா? காகிதமும் பேனாவும் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம். சாதாரண கால்குலேட்டர் இருந்தால் இன்னும் வசதி.

படி 1: எண்ணின் வடிவத்தைப் பாருங்கள்

32 இரண்டுகளைப் பெருக்கினால் 4294967296. நம் எண் அதைவிட ஒன்று அதிகம், அதாவது 2³² + 1. எந்தப் பெரிய எண்ணானாலும், வகுக்கத் தொடங்கும் முன் அதன் அருகில் இப்படி ஓர் அடுக்கு எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2¹, 2², 2⁴, 2⁸, 2¹⁶ ஆகியவற்றுடன் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அடுத்து வரும் நம் எண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார்.

படி 2: சிறிய காரணிகளைத் தள்ளுங்கள்

நம் எண்ணிலிருந்து இரண்டைக் கழியுங்கள்.

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஆகவே இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் நம் எண் மீதி 2 தரும். ஒரே கழித்தலில் ஐந்து பகா எண்கள் விலகிவிட்டன!

படி 3: தேடும் இடத்தைச் சுருக்குங்கள்

பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணியாவது இருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6542 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது வீண் உழைப்பு.

'ப' என்ற பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ப-ஆல் வகுத்தால் 2³² தரும் மீதி −1 (அதாவது, ஒன்று கூட்டினால் மீதியின்றி வகுபடும்). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1. மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கின் மடங்குகளில் மட்டுமே மீண்டும் மீதி 1 வரும். அந்த அடுக்கு 64-க்குக் குறைவாக இருந்தால் அது 32-ஐயும் வகுக்கும்; அப்போது 2³² தரும் மீதி −1 ஆகாமல் 1 ஆகிவிடும். எனவே 64-க்குக் குறைந்த எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, 2-இன் (ப − 1)ஆம் அடுக்கும் மீதி 1 தரும். எனவே ப − 1 என்பது 64-இன் மடங்காகவே இருக்க வேண்டும். ஃபெர்மாவின் கணிப்பை வீழ்த்த அவருடைய தேற்றமே கைகொடுக்கிறது. இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போனால் முதலில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. இவற்றில் 257 ஏற்கெனவே விலகிவிட்டது. மற்றவற்றால் வகுத்துப் பாருங்கள். 641-இல் மீதி பூச்சியம்!

4294967297 = 641 × 6700417

1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் கண்ட விடை இது.

படி 4: வகுக்காமலே சரிபாருங்கள்

641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷ தரும் மீதி −1. அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ இடலாம். −2³² தரும் மீதி 1 என்றாகிறது. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

படி 5: 6700417 இன்னும் பிரியுமா?

இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. இதன் காரணிகள் நம் எண்ணுக்கும் காரணிகளே என்பதால் படி 3-இன் விதி இங்கும் பொருந்தும். ப − 1-க்கு 64-க்குப் பதில் 128-இன் மடங்கையே எடுக்கலாம் என்று பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் காட்டினார். அதன்படி வரும் பகா எண்களில் 257 ஏற்கெனவே விலகிவிட்டதால், சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. எனவே 6700417 பகா எண்.

படி 6: மற்ற பண்புகள்

வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. அவற்றின் கூடுதல் 4301668356.

கடைசியாக இதையும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்:

65536² + 1² = 62264² + 20449² = 4294967297

ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. இங்கே இரண்டு வழிகள் இருப்பதால், காரணி எதுவும் தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.