லீட் பாடகராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீட் (Lied) என்பது ஒருவர் பியானோவோடு பாடும் ஜெர்மன் கவிதைப் பாடல். ஓபரா என்னும் இசை நாடகத்தின் பக்கமே போகாமல், ஒரு பியானோவோடு ஷூபர்ட், ஷூமன் போன்ற இசையமைப்பாளர்களின் பாடல்களை மட்டும் பாடிப் பிழைத்துவிடலாம் என்று நம்புவதுதான் முதல் தவறு. நெதர்லாந்துப் பாடகி எல்லி அமெலிங் ஓபராவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டுத்தான் பெரும்பெயர் வாங்கினார். ஆனால் அவரும் பாஹின் தேவாலய இசையைப் பாடியவர்தான். ஜெர்மனியில் இந்தத் துறைக்காரர்கள் பலருக்குச் சோறு போடுவது தேவாலயக் கச்சேரிகள்: ஈஸ்டருக்கு முன் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஹின் 'மத்தேயு பேஷன்', டிசம்பரில் அவருடைய 'கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ' (குழுவும் தனிப்பாடகர்களும் பாடும் பக்தி இசை). இரண்டையும் தூக்கத்தில் எழுப்பினாலும் பாடத் தெரிய வேண்டும். காலையில் யாருக்கோ தொண்டை கட்டும். சாயங்காலம் அந்த இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

அடுத்தது, நடிப்பைக் கூட்டுவது. 'எர்ல்கோனிக்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் கவிஞர் கோதேயின் கவிதைக்கு 1815இல், 18 வயதில் ஷூபர்ட் போட்ட இசை. கதைசொல்லி, தந்தை, பயந்துபோன மகன், அவனைக் கவர வரும் ஆவியரசன் என நால்வரும் ஒரே தொண்டையில் வர வேண்டும். உடனே நான்கு குரலில் மிமிக்ரி செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஷூபர்ட்டே அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறார். மகன் "அப்பா" என்று அலறும் ஒவ்வொரு முறையும் ஸ்வரம் ஒரு படி ஏறுகிறது. ஆவியரசன் ஆசை காட்டும்போது இசை மேஜர் என்னும் பிரகாசமான ஸ்வர வரிசைக்கு மாறி மெல்லிசாகிவிடுகிறது. எழுதியதை எழுதியபடி பாடி, மெய்யெழுத்துகளை விழுங்காமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்குக் கவிதை புரிந்திருக்க வேண்டும், ஒலியை மட்டும் உருப்போட்டால் நடக்காது.

வாய் மூடியதும் பாட்டு முடிந்தது என்று நினைப்பதும் உண்டு. ஷூமனின் 'டிக்டர்லீபே' 16 பாடல்கள் கொண்ட தொடர். கடைசியில் பியானோ தனியாக வெகுநேரம் பேசுகிறது. அப்போது தண்ணீர் பாட்டிலைத் தேடினால் அத்தனையும் போச்சு.

அப்புறம் சுருதி. நம் ஊரில் அவரவர் கட்டைக்கு ஏற்பப் பாடுவதுபோல, லீட் நோட்டுப் புத்தகங்களும் மேல், நடு, கீழ்க் குரல்களுக்கென்று தனித்தனியாகக் கிடைக்கின்றன. மூலச் சுருதியில்தான் பாடுவேன் என்பது வறட்டுப் பிடிவாதம். அதற்காக ரொம்பக் கீழே இறக்கினால் பியானோவின் கீழ் ஸ்வரங்கள் குழம்பிப்போய் உறுமும். பியானோ கலைஞரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கச்சேரி அன்று காலையில் போய்ச் சொன்னால் அவர் திட்டத்தான் செய்வார்.