சுவிஸில் பிள்ளைகளிடம் செல்வோர் பூந்தோட்டங்களையும் தீவுகளையும் பார்த்து வருவது எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸிலுள்ள மகனிடமோ மகளிடமோ மூன்று மாத விசாவில் சென்று திரும்பியவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பலர் உறவினர் வீடுகளையும் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தையுமே சொல்வார்கள். பிள்ளைகளைக் குறைகூற முடியாது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் ஓய்வுநாள் கிடைப்பதே அரிது. ஆகவே எதைப் பார்ப்பது என்பதைப் பெற்றோரே இங்கிருந்து புறப்படுமுன் தீர்மானித்து, அதற்குரிய நாட்களைப் பிள்ளைகளிடம் முற்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மாதத்தைத் தெரிவுசெய்யுங்கள். பேரப்பிள்ளைகளின் விடுமுறையை எண்ணிப் பெரும்பாலோர் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் செல்கிறார்கள். அப்போது ரியூலிப் மலர்கள் முடிந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். ரியூலிப்புக்கு ஏப்ரல் பிற்பகுதியும் மே தொடக்கமும், ரோசாவுக்கு ஜூன், டேலியாவுக்கு செப்டெம்பர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் மே, ஜூன் மாதங்களையே சொல்வேன்: பகல் இரவு ஒன்பது மணிவரை நீள்வதால் அவசரமில்லாமல் வீடு திரும்பலாம்.

சுவிஸ் வழங்குவது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா; அது ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் செல்லுபடியாகும். ஒரு தடவை நுழைவதற்கான விசாவாக இருந்தாலும் ஜேர்மனிக்குப் போய்வருவதில் சிக்கலில்லை; கடவுச்சீட்டு கையில் இருந்தால் போதும். ஆனால் லண்டனிலுள்ள உறவினரையும் பார்த்துவிட்டு மீண்டும் சுவிஸுக்குத் திரும்ப எண்ணுவோர், பிரித்தானிய விசாவோடு, பல தடவை நுழையக்கூடிய ஷெங்கன் விசாவையும் தொடக்கத்திலேயே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளைகளை எதிர்பார்க்காமல் வார நாளொன்றில் நீங்களாகவே போய்வரக்கூடியது பேர்ண் நகரம். அங்கே ‘ஹவுஸ் டெர் ரெலிகியோனன்’ (மதங்களின் இல்லம்) என்ற கட்டடத்தில், 2014 டிசெம்பரில் திறக்கப்பட்ட நாளிலிருந்து, சைவக் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த விகாரையும் தேவாலயமும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. காலையில் அங்கே கும்பிட்டுவிட்டுப் புகையிரத நிலையத்துக்கு வந்து, 10ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ரோசன்கார்ட்டன் (ரோசாத் தோட்டம்) தரிப்பிடத்தில் இறங்குங்கள். 1765 முதல் 1877 வரை மயானமாக இருந்த இந்த மேட்டுநிலம் 1913இல் பொதுப் பூங்காவாயிற்று. கட்டணமில்லை. இருநூறுக்கு மேற்பட்ட ரோசா வகைகள் இருந்தாலும், நான் அங்கே அதிக நேரம் செலவிடச் சொல்வது மதிலோரத்தில்தான்: ஆரெ ஆறு பழைய நகரத்தை மூன்று பக்கமும் வளைத்து ஓடுவதும், சிவந்த ஓட்டுக்கூரைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதும் அங்கிருந்து முழுமையாகத் தெரியும். திரும்பும்போது இறக்கமான பாதை என்பதால் முழங்கால் நோ இல்லாதவர்கள் பாலம்வரை நடந்தே இறங்கலாம். வழியில் காணும் நீர்த்தொட்டிகளில், குடிக்க உகந்ததல்ல என்று எழுதப்படாதவற்றில், போத்தலை நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது ஜேர்மனியிலுள்ள மைனாவ் என்ற பூந்தோட்டத் தீவு; அதற்கு ஒரு முழுநாள் வேண்டும். சூரிச்சிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் நகரை அடைந்து, அங்கிருந்து பஸ்ஸில் போய், பாலத்தால் நடந்தே தீவுக்குள் நுழையலாம். ஏறத்தாழ 110 ஏக்கர் கொண்ட இத்தீவில் 1853இல் இதை வாங்கிய பாடன் நாட்டுப் பிரபு முதலாம் பிரிடெரிக் அரிய மரங்களை நடுவித்தார். இன்றைய பூந்தோட்டத்தை உருவாக்கியவர், குடிமகள் ஒருவரை மணந்ததால் அரச உரிமையை இழந்த சுவீடன் இளவரசர் லெனார்ட் பெர்னடோட். பூக்களைப் பார்த்த பிறகு வண்ணத்துப்பூச்சி இல்லத்துக்குப் போங்கள். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் புகார் படியும். அந்த வெக்கையில் குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக நான் சொல்வது பிரிசாகோத் தீவு. இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தில், மஜ்ஜோரே ஏரியில் இருக்கிறது. 1885இல் சீமாட்டி அந்துவானெத் த செயின்ற் லெஜே இதை வாங்கி, வெப்ப நாட்டுத் தாவரங்களை வளர்த்தார். 1950 முதல் பொதுமக்கள் பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவதால் ஏப்ரலுக்கும் ஒக்ரோபருக்கும் இடையில் செல்லுங்கள். போகும்போது கொத்தார்ட் மலையின் பழைய பாதையால் செல்லும் புகையிரதத்தையே பிடியுங்கள். தண்டவாளம் சுழன்று சுழன்று ஏறுவதால் வாசன் கிராமத்துத் தேவாலயம் ஒரே யன்னலில் அல்லாவிடினும் மூன்று தடவை, மூன்று உயரங்களில் தோன்றும். திரும்பும்போது 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் சுரங்கப்பாதையால் விரைந்து வரலாம். அதில் பார்க்க எதுவுமில்லை. ஏரிக்கரை ஊரான அஸ்கோனாவில் படகு ஏறும்போதே கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஆட்களுக்காகப் படகு காத்து நிற்பதுபோல அங்கே நிற்காது.

செலவைக் குறைக்க, நகரசபைகள் வழியாக விற்கப்படும் ஒருநாள் பயணச்சீட்டை வாங்கித்தரச் சொல்லுங்கள். பத்து நாளுக்கு முன்னரே எடுத்தால் விலை குறைவு. எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டது என்பதால் நல்ல நாட்கள் விரைவில் தீர்ந்துவிடும். சீட்டு பெயருக்கு வழங்கப்படுவதால் கடவுச்சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். புட்டைவிட, கறியை உள்ளே வைத்துச் சுற்றிய ரொட்டி வாங்கிலில் இருந்து சாப்பிட வசதி. புகையிரத நிலையக் கழிப்பறைகளுக்குப் பல இடங்களில் கட்டணம் உண்டு. சில்லறையைத் தனியாக வைத்திருங்கள்.

தோட்டக் கடைகளில் ரியூலிப் கிழங்கைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். அனுமதிப்பத்திரமின்றித் தாவரங்களை இலங்கைக்குள் கொண்டுவர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இடங்கொடாது. கொண்டுவந்தாலும், பல வாரக் குளிர் கிடைக்காத கிழங்கு நம் முற்றத்தில் ஒழுங்காகப் பூக்காது.