ஐயா காலத்து கதைய எழுதப் போறீங்களா? வருஷத்துல ஆரம்பிக்காதீங்க

பர்மாவுல ரங்கூன், மௌல்மேன், தட்டோன்னு நம்ம ஆளுங்க வீடு எங்க போனாலும், ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் உள்ள வந்த சண்டை பத்தி ஒரு கதை இருக்கும், வாயால சொல்றப்போ நல்லாத்தான் இருக்கு, எழுதச் சொன்னா மட்டும் பரீட்சை பேப்பர் ஆயிடுது. "1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. ஏராளமானோர் மாண்டனர்." தப்பில்ல, ஆனா அடுத்த வரிய ஏன் படிக்கணும்? இதே நாளை வச்சு செஞ்சு பார்ப்போம்.

ஸ்டெப் 1: ஒரு ஆளைப் பிடிங்க. உங்க ஐயா ரங்கூன் மொகல் தெருவுல செட்டியார் கிட்டங்கியில (வட்டிக்கடை நடக்குற கட்டடம்) பெட்டியடிப் பையனா (எடுபிடி வேலை பாக்குற சின்னப் பையன்) இருந்தாருன்னா அவரு போதும், கவர்னரும் ஜெனரலும் அப்புறம் வரட்டும்.

ஸ்டெப் 2: முடிவ மறைச்சு வைங்க. எனக்கு முக்கியமா படுறது இதுதான். 1942 மார்ச் 8ல ரங்கூன் விழுந்திருச்சுன்னு நமக்குத் தெரியும், அந்தப் பையனுக்குத் தெரியாதுல்ல? டிசம்பர் 23 காலைல விமானச் சத்தம் கேட்டு நிறைய ஜனங்க பதுங்காம தெருவுல நின்னு வானத்த வேடிக்கை பார்த்தாங்க, அவ்வளவு சாவு விழுந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால இப்படி எழுதிப் பாருங்க: "சத்தம் கேட்டு தெருவே வெளிய வந்துச்சு. எல்லாரும் கண்ணுக்கு மேல கைய வச்சு அண்ணாந்து எண்ணிக்கிட்டு இருந்தாங்க." அவ்வளவுதான், "அந்தோ, விதி சிரித்தது"ன்னு நடுவுல நீங்க வந்து நிக்காதீங்க, வாசகனுக்கு ஏற்கனவே பக்குனு இருக்கும்.

24ந்தேதிய தாண்டிப் போகாதீங்க. 25ந்தேதி மறுபடி குண்டு விழும், ஆனா அது யாருக்கும் தெரியாத அந்த நாள்ல கடைய பூட்டிட்டு கிளம்புறதா இருக்குறதான்னு வீட்டுல பேச்சு நடந்திருக்கும்ல, உங்க கதையோட முடிச்சு அங்கதான் இருக்கு. இந்தியாவுக்குத் தப்பிக்க ப்ரோம் போய் ஐராவதி ஆத்த தாண்டி டௌங்கப் மலைவழியா அரக்கான் பக்கம் போனாங்களா, மாந்தளை, கலேவா, தமுன்னு மணிப்பூருக்கு நடந்தாங்களாங்கிறது அப்புறம் வரும்.

ஸ்டெப் 3: ஜோடிக்காதீங்க. அப்பத்தா சொன்ன பேச்ச அப்படியே போடுங்க, சொல்லாத வசனத்த அவங்க வாயில திணிக்காதீங்க, ஞாபகமும் தேதியும் ஒத்துப் போகலன்னா ரெண்டையும் எழுதிடுங்க. சினிமா பார்த்த பழக்கத்துல டிசம்பர்ல இடி மழை கொண்டு வர்றவங்க இருக்காங்க, ரங்கூன்ல அது பனிக்காலம்பா! காட்டுப் பாதைல மே மாசத்துல மாட்டுனவங்களுக்கு எழுதுங்க மழைய, மலேரியாவும் காலராவும் கூடவே வந்துச்சு.

ஸ்டெப் 4: நம்பர் கடைசில. பர்மாவ விட்டுப் போன இந்தியர்கள் 4, 5 லட்சம் இருக்கும்னு மதிப்பிடுறாங்க, ஒருத்தர் நடந்தத எழுதுன பிறகு இத போட்டாதான் கனம் தெரியும்.

எழுதி முடிச்சதும் வீட்டுப் பெரியவங்களுக்கு சத்தமா படிச்சுக் காட்டுங்க, "அப்படி இல்லடா"ன்னு குறுக்க வந்தா உடனே போன்ல ரெக்கார்ட் போட்டுடுங்க.